கண்ணாடி போட்ட பெண் குறைந்தவளா?

"பெண் படித்திருக்கிறாள். லட்சணமாக இருக்கிறாள். ஆனால் கண்ணாடி போட்டிருக்கிறாளே!"

பொள்ளாச்சிப் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் இப்படிச் சொல்வது இன்னும் நின்றபாடில்லை.

உடனே தாய் என்ன செய்கிறாள்? "கண்ணாடியைக் கழட்டி வெச்சுரு அம்மணி. கண்ணுக்குள்ளே வெக்கிற லென்ஸ் வாங்கிக்கலாம்" என்கிறாள்.

மாப்பிள்ளை கண்ணாடி போட்டிருந்தால் "படித்த களை" என்கிறார்கள். பெண் போட்டிருந்தால் குறையாம்! இது என்ன நியாயம்?

லென்ஸ் கெட்ட பொருள் அல்ல. செக்கோஸ்லோவாக்கியா விஞ்ஞானி ஓட்டோ விக்டர்லே 1961-ல், பிள்ளைகள் விளையாடும் இரும்புத் துண்டுகளைக் கொண்டு வீட்டிலேயே ஒரு எந்திரம் செய்தார். அதில் மிருதுவான லென்சை வார்த்து எடுத்தார். இன்று கோடிக்கணக்கானவர்கள் அணிகிறார்கள். முறையோடு அணிந்தால் பயம் இல்லை.

கலியாண வீட்டில் முறை ஏது?

முதல் நாள் இரவு முழுவதும் சீர். விடிந்தால் முகூர்த்தம். மணப்பெண் நடுவில் கொஞ்சம் கண் அயர்கிறாள். லென்சைக் கழற்றுவதில்லை. கண் உறுத்தினால் மண்டபத்துக் குழாயில் லென்சைக் கழுவி மறுபடியும் வைத்துக் கொள்கிறாள்.

ஆழியாற்றுத் தண்ணீர் குடிக்க நன்றாகத்தான் இருக்கும். லென்ஸ் கழுவ ஆகாது! எந்த ஊர்த் தண்ணீரும் ஆகாது. அதற்கென்று விற்கும் மருந்து நீர்தான் வேண்டும். அதையும் தினம் புதிதாக ஊற்ற வேண்டும்.

மூச்சுத் திணறும் கண்

கருவிழியின் முன்னே கண்ணாடி போன்ற மெல்லிய தோல் இருக்கிறது. அதில் ரத்தக் குழாய் இல்லை. பிராண வாயுவைக் காற்றிலிருந்தே எடுத்துக் கொள்கிறது. லென்சோடு தூங்கினால் மேலே இமை, உள்ளே லென்ஸ். கண் திணறுகிறது. தோல் வாடிச் சிராய்க்கிறது. கிருமி நுழைகிறது. லென்சோடு தூங்குகிறவர்களுக்குக் கிருமி தாக்கும் ஆபத்து 6 மடங்குக்கும் மேல்!

அந்தக் கிருமிகளில் பொல்லாதது சூடோமோனாஸ். ஈரம் உள்ள இடம் அதற்கு வீடு. ஓரிரு நாளில் கருவிழியை அரித்துவிடும். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். பார்வை மங்கும்.

கண் புண் நமக்குப் புதிதல்ல. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு 1994-ல் மூன்றே மாதத்தில் 434 பேர் கருவிழிப் புண்ணோடு வந்தார்கள். அவர்களில் 284 பேருக்கு முதலில் கண்ணில் அடிபட்டிருந்தது. காட்டு வேலை செய்கிறவன் கண்ணில் தூசும் தோகையும் படுவதைத் தடுப்பது கடினம். லென்சால் வரும் புண் அப்படியா? கை கழுவினால், இரவில் கழற்றினால் பெரும்பாலும் வராதே!

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பூனைக் கண், நீலக் கண் என்று நிற லென்சை வளையல் போல் விற்காதீர்கள். டாக்டர் சீட்டு கேளுங்கள்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் லென்சை உடனே கழற்றுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடக் கூடாது. யாருக்கோ கொடுத்த சொட்டு மருந்தும் கூடாது. அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். லென்சையும் அதன் டப்பியையும் எறியாமல் எடுத்துப் போங்கள். எந்தக் கிருமி என்று பார்க்க அது உதவும்.

முகூர்த்தம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.