சுத்தியைக் கீழே வை, தம்பி!

மாருதி ஆம்னி வேனைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். 1984-ம் ஆண்டு வந்த வண்டி. 2019-ம் ஆண்டு அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் பழைய வேன்கள் இன்னும் ஓடுகின்றன. காய்கறி ஏற்றுகின்றன. கல்யாணத்துக்குப் போகின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் ஏற்றுகின்றன.

எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. அதன் பின் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்தது. "ஆயில் சீல் போய்விட்டது, சார்" என்றார் மெக்கானிக்.

ஆயில் சீல் என்பது ஒரு சின்ன வளையம். வெளியே இரும்புத் தகடு, உள்ளே ரப்பர் உதடு. அந்த உதட்டை அச்சோடு அணைத்துப் பிடிக்க ஒரு மெல்லிய சுருள் வில். வண்டியின் பின் அச்சில் பல் சக்கரங்கள் எண்ணெயில் சுழல்கின்றன. அந்த எண்ணெய் வெளியே வராமல் தடுப்பது இந்த வளையம்தான்.

அது தேய்ந்தால் எண்ணெய் பிரேக்கில் இறங்கும். மிதித்தால் ஒரு சக்கரம் பிடிக்கும். மறு சக்கரம் வழுக்கும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இந்த வேனில் கைப் பிரேக்கும் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது! எண்ணெய் ஊறிய பிரேக் கட்டையைப் பெட்ரோலில் கழுவி மாட்டச் சொல்வார்கள். கேட்காதீர்கள். புதிதாகவே போடுங்கள், இரண்டு பக்கமும்.

ஓங்கி ஓர் அடி

டிரம்மைக் கழற்றி, அச்சையும் உருவிவிட்டார்கள். சீல் மட்டும் அசையவில்லை. பல வருஷத் துரு! பட்டறைப் பையன் உளியை எடுத்தான். நானோ கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சீக்கிரம் ஆகட்டும்" என்றேன். ஓங்கி ஓர் அடி. சீல் வந்தது. அது உட்காரும் வழவழப்பான இடத்தில் ஆழமான கீறலும் விழுந்தது. புது சீல் மூன்றே நாளில் கசிந்தது.

பையன் மேல் குற்றம் இல்லை. அவசரப்படுத்தியது நான். சீலின் விலை அற்பம். அது உட்காரும் இடம் கெட்டால் செலவு பெரிது. வண்டிக்காரர்கள் பலர் சாமானுக்குக் காசு கொடுப்பார்கள். மெக்கானிக்கின் நேரத்துக்குக் கொடுக்க மனம் வராது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

பிடிவாத சீலுக்கு வழி

கொக்கி போட்டு இழுக்கும் கருவி உண்டு. அதற்கும் மசியவில்லையா? துரு இளக்கும் எண்ணெயை விட்டுக் காத்திருக்க வேண்டும். பிறகு சீலின் தகட்டில் மட்டும், எதிரெதிராக இரண்டு சிறு துளை போட்டு, திருகாணி ஏற்றி, இரு பக்கமும் மாற்றி மாற்றி இழுக்கலாம். இரும்புத் தூள் உள்ளே விழுந்துவிடாமல் துடைக்க வேண்டும்.

இன்னொன்று. அச்சின் மேல் ஒரு மூச்சுத் துளை இருக்கிறது. அது மண்ணால் அடைபட்டால், உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெயை வெளியே தள்ளும். அதைச் சுத்தம் செய்யாவிட்டால் புது சீலும் நிற்காது.

இரண்டாம் முறை பெரிய மெக்கானிக்கே உட்கார்ந்தார். கீறலை உப்புத்தாளால் தேய்த்தார். சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, வில் இருக்கும் பக்கத்தை உள்ளே வைத்து, மரக்கட்டையால் சுற்றிலும் மெல்லத் தட்டினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த டீக்கடைக்குப் போய்விட்டேன்.