நீதிமன்றத்துக்கு வெளியே நின்ற ஆங்கிலம்

இந்திய மொழிகளில் சட்ட நுட்பம் பேச முடியாது, அறிவியல் எழுத முடியாது, அந்த வளம் ஆங்கிலத்துக்கே பிறவியில் வாய்த்தது என்னும் வாதம், உயர் நீதிமன்றத்தில் மக்கள் மொழி வேண்டும் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம் தவறாமல் முன்வைக்கப்படுகிறது. இதைச் சொல்வோரில் மேட்டுக்குடியினர் மட்டுமல்ல, முற்போக்காளர் எனத் தம்மை அழைத்துக்கொள்வோரும் உண்டு. தாம் போற்றும் அந்த மொழியின் வரலாற்றைக்கூட இவர்கள் புரட்டிப் பார்த்ததில்லை.

நார்மண்டியின் கோமகன் வில்லியம் 1066இல் ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் வென்று இங்கிலாந்தின் முடியைக் கைப்பற்றினான். நிலங்கள் பறிக்கப்பட்டு அவனது படைத்தலைவர்களுக்குப் பங்கிடப்பட்டன. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1086இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பில், பெருநில உடைமையாளர்களில் ஆங்கிலேயர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அரசவை பிரெஞ்சு பேசியது. திருச்சபையும் ஆவணங்களும் லத்தீனில் இயங்கின. ஆங்கிலம் உழுதவனிடமும் நூல் நூற்றவளிடமும் எஞ்சி நின்றது. இன்றைய ஆங்கிலச் சொற்களே இதற்குச் சாட்சி. பசியைக் குறிக்கும் ஹங்கர், வியர்வையைக் குறிக்கும் ஸ்வெட், வயலைக் குறிக்கும் ஃபீல்ட், விதையைக் குறிக்கும் சீட் ஆகியவை பழைய ஆங்கிலச் சொற்கள். வாரத்தையும் வாடகையையும் குறிக்கும் ரெண்ட், வரியைக் குறிக்கும் டாக்ஸ், நீதிபதியைக் குறிக்கும் ஜட்ஜ், சிறையைக் குறிக்கும் பிரிசன் ஆகியவை பிரெஞ்சு வழியாக வந்து ஏறியவை. உழைத்தவன் ஒரு மொழியும் அவனிடம் பறித்தவன் வேறு மொழியும் பேசியதன் தழும்பு அகராதியிலேயே பதிந்து கிடக்கிறது.

இந்நிலையை மாற்றியது புலவர்களின் மேதைமை அல்ல. 1348இல் இங்கிலாந்தை எட்டிய கொள்ளைநோய் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வாரிக்கொண்டு போயிற்று. எஞ்சிய உழைப்பாளிகள் கூடுதல் கூலி கேட்டனர். நிலப்பிரபுக்களின் நாடாளுமன்றம் 1351இல் சட்டமியற்றிக் கூலியை நோய்க்கு முந்தைய அளவிலேயே நிறுத்த முயன்றது. உழைப்பாளி இல்லாமல் ஆகாது என்றான காலத்தில் அவன் மொழியையும் ஒதுக்கிவைக்க இயலவில்லை. பிரான்சுடன் நடந்த நீண்ட போரும் இதற்குத் துணைசெய்தது. 1362இல் நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பிரெஞ்சு மொழி மக்களுக்குத் தெரியாததால், தமக்கு ஆதரவாகவோ எதிராகவோ என்ன பேசப்படுகிறது என்பதே வழக்காடிகளுக்கு விளங்கவில்லை என்பது அச்சட்டம் சொன்ன காரணம். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டமே பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டது! பதிவேடுகள் லத்தீனிலேயே இருக்க வேண்டும் என்றும் அது விதித்தது.

1381இல் தலைவரியை எதிர்த்து விவசாயிகள் எழுந்தபோது, பாதிரியார் ஜான் பால் அவர்களிடம் பேசியது ஆங்கிலத்தில். அவர் பெயரால் ஊர் ஊராகச் சென்ற கடிதங்களும் ஆங்கிலமே. கிளர்ச்சியாளர்கள் பண்ணைப் பதிவேடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தினர். லத்தீன் அவர்களுக்கு விளங்காது. தம் அடிமைத்தனம் அதில் எழுதப்பட்டிருக்கிறது என்பது மட்டும் நன்றாகவே விளங்கியிருந்தது. ஜான் பால் அவ்வாண்டே கொல்லப்பட்டார். விவிலியத்தை அனுமதியின்றி ஆங்கிலமாக்குவதைப் பேராயர் ஆரண்டெல் 1409இல் தடைசெய்தார். ஏழைகள் தாமே படித்துப் பொருள் கொள்ளத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை திருச்சபை அறிந்திருந்தது.

சட்டத்துறையோ அசையவில்லை. மன்னனின் தலையைக் கொய்த முதலாளித்துவப் புரட்சிதான் 1650இல் சட்ட நூல்களும் தீர்ப்புகளும் ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டும் என ஆணையிட்டது. 1660இல் மன்னராட்சி மீண்டது. லத்தீனும் உடன் மீண்டது. 1733இல்தான் ஆங்கிலம் நீதிமன்ற ஆவணங்களின் மொழியாக உறுதியாயிற்று. ஆங்கிலேயன் தன் சொந்த நாட்டு நீதிமன்றத்தில் தன் மொழியுடன் முழுமையாக நுழைய 371 ஆண்டுகள் ஆயின. அறிவியலின் கதையும் இதுவே. நியூட்டன் 1687இல் தம் பிரின்சிப்பியாவை வெளியிட்டது லத்தீனில். 1704இல்தான் ஒளியியல் நூலை ஆங்கிலத்தில் தந்தார். ஆங்கிலம் வளர்ந்த பிறகு அதற்குப் பணி கொடுக்கப்படவில்லை. பணி கொடுக்கப்பட்டதால் அது வளர்ந்தது.

ஏணியில் ஏறிய ஆளும் வர்க்கம் அதை எட்டி உதைக்கவும் தயங்கவில்லை. வெல்ஷ் மொழி மட்டும் அறிந்தோர்க்கு வேல்ஸில் அரசுப் பதவி இல்லை என்றது 1536ஆம் ஆண்டுச் சட்டம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே தாய்மொழி பேசிய பிள்ளைகளின் கழுத்தில் மரத்துண்டைத் தொங்கவிட்ட பள்ளிகள் இருந்தன. அதே வர்க்கத்தின் குரலாகவே 1835இல் மெக்காலே இங்கே பேசினார்.

மெக்காலேயைத் தூற்றுவதில் இன்றைய ஒன்றிய ஆட்சியாளர்கள் சளைத்தவர்கள் அல்லர். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்களின் பெயர்களைச் சமஸ்கிருதமயமாக்கினார்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்கிறார்கள். பெயர்ப்பலகை மாறியதால் குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு உயர் நீதிமன்றத்தில் நடப்பது புரிந்துவிட்டதா? நாம் கேட்பது ஆங்கிலத்தைத் துரத்துவதும் அன்று, அந்த இடத்தில் இந்தியை அமர்த்துவதும் அன்று. 1850இல் கம்யூனிஸ்ட் அறிக்கையை ஹெலன் மாக்ஃபார்லேன் பெயர்த்துத் தந்த மொழி அல்லவா ஆங்கிலம்!

மாநிலத்தின் ஆட்சிமொழியை உயர் நீதிமன்ற நடவடிக்கைகளில் அனுமதிக்க அரசமைப்புச் சட்டத்தின் 348ஆவது பிரிவே வழிவைத்திருக்கிறது. அவ்வழியே ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்தி இடம்பெற்றுள்ளது. தமிழுக்காகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியது; வங்காளம், குஜராத்தி, கன்னடம் ஆகியவற்றுக்கும் கோரிக்கைகள் சென்றன. 2012இல் உச்ச நீதிமன்றம் இவற்றை ஏற்க மறுத்துவிட்டது. வழக்கறிஞர்களின் கோரிக்கையாக மட்டும் இது இருந்தவரை அந்த மறுப்பு எளிதாக இருந்தது. நில வழக்குகளோடு அலையும் விவசாயிகளின் சங்கமும், வேலைநீக்க வழக்குகளோடு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தொழிலாளர்களின் சங்கமும் வரும் மாநாடுகளில் இதைத் தம் தீர்மானமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.