எண்ணூறு ஏன் நிலைக்கும்?

முறியடிக்க இயலாத விளையாட்டுச் சாதனை எது என்று கேட்டால் பலரும் பிராட்மனின் 99.94 என்னும் ஓட்டச் சராசரியைச் சொல்வர். நானோ முத்தையா முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டுகளையே சொல்வேன். சராசரியைச் சில போட்டிகளிலும் எட்டலாம். 800ஐ எட்ட நெடுங்காலம் ஆடும் வாய்ப்பு வேண்டும்.

கணக்கு எளிது. முரளி ஆடியவை 133 டெஸ்ட்கள். போட்டிக்கு ஆறு விக்கெட்டுகள். ஷேன் வோர்ன் 145 போட்டிகளில் 708, ஜேம்ஸ் அண்டர்சன் 188 போட்டிகளில் 704 என்று ஓய்வுபெற்றனர். 2025இல் இலங்கை ஆடியவை 4 டெஸ்ட்கள் மட்டுமே. இந்த வேகத்தில் இன்னொரு முரளி தோன்றினாலும் 800ஐத் தொட 33 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

ஆக, ஒரு சாதனையைக் காப்பது அதனைப் படைத்தவரின் திறமை மட்டுமன்று, பிறருக்கு வாய்ப்பின்மையும்தான்.

வன்னி மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முரளி டெஸ்ட் ஆடிய 1992 முதல் 2010 வரையான காலத்தின் பெரும்பகுதி இங்கு போர்க்காலம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகள் இடம்பெயர்ந்தும் பதுங்குகுழிகளிலும் வளர்ந்த காலம். 2009 மே மாதம் போர் முடிந்தது. 2010 ஜூலை 22 அன்று காலியில் 800ஆவது விக்கெட் வீழ்ந்தது. அந்தத் தலைமுறையில் எத்தனை பந்துவீச்சாளர்கள் இருந்தனர் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

முரளியின் பெருமை இதனால் அணுவளவும் குறையாது. ஆனால் போட்டியிட ஆளின்றி நிலைக்கும் சாதனையை விளையாட்டின் வெற்றி என்று கொண்டாட என்னால் இயலாது. வன்னிப் பையன் ஒருவன் அதைத் துரத்தித் தோற்பதைக் காண்பதே எனக்கு மகிழ்ச்சி. அதற்கு அவனுக்கு ஆடக் களம் வேண்டும். அவன் நாட்டுக்கு டெஸ்ட்கள் வேண்டும்.