ஒரே மடலில் உணவும் மருந்தும்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்குக்கு இரண்டு முகங்கள் உண்டு. 1895-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற பெரியாறு அணையின் நீர் பாயும் இடமெல்லாம் நெல்லும் வாழையும் தென்னையும் பன்னீர்த் திராட்சையும் செழிக்கின்றன. அந்நீர் எட்டாத மேட்டு நிலங்களிலும் மலையடிவாரக் கரடுகளிலும் முள்ளும் கள்ளியுமே கண்ணில் படுகின்றன. அந்த வறண்ட நிலத்தில், எவரும் நீர் ஊற்றாமலேயே தன் மடலுக்குள் நீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்கிறது சோற்றுக்கற்றாழை.

சித்த மருத்துவம் இதனைக் 'குமரி' என்றும் 'கன்னி' என்றும் அழைக்கிறது. ஆயுர்வேதத்தில் இதன் பெயர் 'குமாரி'. முல்லையாற்றங்கரையில் வீரபாண்டித் தலத்தில் வீற்றிருக்கும் அன்னையின் திருநாமமோ கௌமாரி. சித்தர்கள் உறைந்த மலை என்று பக்தர்கள் போற்றும் சுருளிமலையும் இதே பள்ளத்தாக்கின் ஓரத்தில்தான் இருக்கிறது. அன்னையின் பெயரை நினைவூட்டும் இம்மூலிகையை இல்லத்தில் வளர்ப்பதைப் பாக்கியமாகக் கருதும் பெரியோர் பலர். ஆயினும் அதன் உள்ளியல்பை அறிந்து பயன்படுத்துவோர் சிலரே.

ஒரு மடலுக்குள் இரண்டு வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன. பச்சைத் தோலை அடுத்து ஓடும் நுண்குழல்களில் மஞ்சள் நிறக் கசப்புப் பால் இருக்கிறது. அதற்கும் உள்ளே, கண்ணாடி போலத் தெளிந்த வெண்சதை இருக்கிறது. இதற்குத்தான் 'சோறு' என்று பெயர். சோற்றில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் நீரே. மஞ்சள் பாலோ கடுமையான பேதி மருந்து. அதைக் காய்ச்சி இறுக்கினால் கிடைப்பதே நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படும் கரியபோளம். மூசாம்பரம் என்பதும் அதுவே. அடிபட்ட வீக்கத்துக்குப் பற்றுப் போடப் பாட்டிமார் அரைத்த அந்தக் கறுப்புக் கட்டி, கற்றாழையின் மஞ்சள் பால்தான் என்பதைப் பலரும் அறியார்.

மடலை அப்படியே அரைத்துச் சாறு பிழிந்து, வெறும் வயிற்றில் நாள்தோறும் அருந்தும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. உணவென்று எண்ணிப் பேதி மருந்தை அன்றாடம் அருந்துவதற்கு ஒப்பானது இது. வயிற்றைப் பிசையும் வலியும் கழிச்சலும் ஏற்படுவதோடு, உடலின் பொட்டாசியம் என்னும் உப்பும் குறைந்துபோகும். அமெரிக்க நாட்டின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மஞ்சள் பால் கலந்த பேதி மருந்துகளைச் சீட்டின்றி விற்பதற்கு 2002-ஆம் ஆண்டு தடை விதித்தது. அது தீங்கற்றது என்பதற்குப் போதிய சான்று அளிக்கப்படவில்லை என்பதே காரணம்.

ஆகவே கற்றாழையைக் கையாள்வதில் முதற்கடமை, மஞ்சளையும் வெண்மையையும் பிரிப்பது. முற்றிய செடியின் வெளிப்புறத்து அடிமடலை அடியோடு அரிந்தெடுக்க வேண்டும். அரிந்த பக்கம் கீழே இருக்குமாறு ஒரு பாத்திரத்தில் கால் மணி நேரம் நிறுத்தி வைத்தால் மஞ்சள் பால் வடிந்துவிடும். பின்னர் இருபுறத்து முள்ளையும் சீவி, தோலைச் சற்றுத் தடிமனாகவே நீக்கி, சோற்றைத் துண்டுகளாக்கி நீரில் அலச வேண்டும். ஏழு முறை கழுவுக என்பது முன்னோர் சொன்ன கணக்கு. வழுவழுப்புக் குறைந்து, நுனிநாவில் வைத்தால் கசப்புத் தோன்றாதிருப்பதே பக்குவம். கசந்தால் மீண்டும் கழுவ வேண்டும். அதன் பின்னும் கசந்தால் விலக்கிவிடுதல் நலம்.

செடியை அடையாளம் காண்பதிலும் கவனம் தேவை. வேலியோரங்களில் ஆளுயரம் வளர்ந்து, மடல் நுனியில் ஊசி போன்ற முள்ளோடு நிற்பது ஆனைக்கற்றாழை. அது நாருக்கு உதவுமேயன்றி உணவுக்கு ஆகாது. அதன் சாறு பட்டாலே தோல் அரிக்கும். திராட்சைத் தோட்டத்து வேலியிலும் சாலையோரத்திலும் நிற்கும் சோற்றுக்கற்றாழையிலும் பூச்சிமருந்தும் வாகனப் புகையும் படிந்திருக்கக்கூடும். திருஷ்டி கழிய வாசலில் தலைகீழாகக் கட்டிய செடி, பகலில் இலைத்துளைகளை மூடி நீரைக் காத்துக்கொள்வதால் மாதக்கணக்கில் பசுமை மாறாதிருக்கும். அதன் மடலையும் உண்ணலாகாது. உணவுக்கென்று வீட்டுத் தொட்டியில் தனியாக ஒரு செடி வளர்ப்பதே சிறந்தது. மணல் கலந்த மண்ணும் வெயிலும் மிகக் குறைந்த நீருமே அதற்குப் போதும்.

கழுவிய சோற்றில் இரண்டு மேசைக்கரண்டி அளவு எடுத்து, ஒரு தம்ளர் மோரில் உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை சேர்த்துக் கடைந்தால் கோடைக்கு ஏற்ற பானம் ஆயிற்று. பாசிப்பருப்போடு வேகவைத்துக் கூட்டாகவும் சமைக்கலாம். கற்றாழையை உணவாகக் கொள்வது தமிழகத்துக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. வறண்ட இராசத்தான் மாநிலத்துக் குடும்பங்களில் இதனைக் காயாகச் சமைப்பதும் லட்டாகப் பிடிப்பதும் உண்டு. எவ்வாறாயினும் அன்று அறுத்ததை அன்றே உண்பது நல்லது. என்றேனும் ஒருநாள் சிறிதளவு என்பதே முறை. தினசரி மருந்தாகக் கொள்ள விரும்புவோர் மருத்துவரைக் கேட்டே கொள்ள வேண்டும்.

குறிப்பாக முதியோர் சிலருக்கு இந்த எச்சரிக்கை இன்றியமையாதது. நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்வோருக்குக் கற்றாழை சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்திவிடக்கூடும். இதய நோய்க்கு டைகாக்சின் உட்கொள்வோருக்கும், நீர் பிரிய மாத்திரை எடுப்போருக்கும், மஞ்சள் பாலால் பொட்டாசியம் குறைவது இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யலாம். சிறுநீரக நோயுள்ளவர்களும் வீட்டிலுள்ள கருவுற்ற பெண்களும் உள்ளுக்கு உண்ணாதிருத்தல் நலம்.

மேற்பூச்சாகப் பயன்படுத்துவதில் இத்துணைத் தடைகள் இல்லை. வயது முதிர முதிரத் தோல் மெலிந்து வறளும். நீராடிய பின் ஈரம் உலருமுன் கற்றாழஞ்சோற்றைக் கைகால்களில் மெல்லத் தடவி, அதன் மேல் சிறிது தேங்காய் எண்ணெய் பூசினால் வறட்சி தணியும். முதல்முறை பூசுவோர் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒருநாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ தோன்றினால் விட்டுவிட வேண்டும்.

வீரபாண்டியின் சித்திரைத் திருவிழாவில் இதற்கு இன்னுமொரு பயன் உண்டு. முல்லையாற்று நீரைக் கொணர்ந்து கம்பத்துக்கு ஊற்றியும், அக்கினிச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் ஏந்தியும் பக்தர்கள் நேர்த்திக்கடன் செலுத்தும் காலம், கொடிய வெயில் காலமும் ஆகும். சட்டியின் வெம்மையால் கை சிவந்தால், முதலில் 20 நிமிடம் தூய தண்ணீரில் காட்ட வேண்டும். அதன் பின்னரே, தோல் கிழியாத சிறு புண்ணுக்குக் கற்றாழஞ்சோறு பூசலாம். கொப்புளம் உடைந்த புண்ணுக்கும் ஆழ்ந்த புண்ணுக்கும் இது மருந்தன்று. நீரிழிவுள்ளோர் சுடுதரையில் வெறுங்காலோடு நடந்துவிட்டால், உணர்ச்சி மங்கிய பாதத்தில் பட்ட சூடு தெரியாமலே போகலாம். அன்றிரவே உள்ளங்காலைப் பிறரிடம் காட்டிப் பார்த்து, புண்ணிருந்தால் மறுநாளே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இறுதியாகக் கண். பார்வை இழந்த வீரபாண்டிய மன்னன், கௌமாரியம்மனையும் கண்ணீஸ்வரமுடையாரையும் வழிபட்டுப் பார்வை பெற்றான் என்பது தலவரலாறு. கண்ணொளி வேண்டி இங்கு வரும் முதியோர், கற்றாழைச் சோற்றில் படிகாரம் தூவிப் பிரித்த நீரைக் கண்ணில் விடலாம் என்று எவரேனும் கூறினால் அதற்கு இணங்க வேண்டா. வீட்டில் எடுத்த சாற்றில் நோய்க்கிருமி இருக்கலாம். கண்ணில் புரை விழுந்திருந்தால் அதனை எந்த மூலிகைச் சாறும் கரைக்காது. அதற்கு அறுவைச் சிகிச்சையே வழி. 1985 முதல் தேனியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இயங்கிவருகிறது. அன்னையிடம் வேண்டுதலும் மருத்துவரிடம் கண்ணைக் காட்டுதலும் ஒன்றுக்கொன்று முரணல்ல. பார்வை தெளிந்து மறு சித்திரையில் அவள் திருமுகத்தைக் கண்குளிரக் காண்பதே அவ்வேண்டுதலின் பயன்.