இருட்டில் மின்னிய நீலப் பொடி... நான்கு உயிர்களைப் பறித்த கதிர்வீச்சு!

அணுக்கதிர்வீச்சு என்றதும் ஹிரோஷிமாவும் செர்னோபிலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் குண்டும் இல்லாமல், அணு உலையும் இல்லாமல், ஒரு பழைய இரும்புக் கடையிலேயே பெரும் விபத்து நடந்திருக்கிறது.

பிரேசிலின் கொயானியா நகரம், 1987 செப்டம்பர். கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்தில் கிடந்த புற்றுநோய் சிகிச்சைக் கருவியின் தலைப்பகுதியை இருவர் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே இருந்தது சீசியம்-137. எடை 100 கிராம்கூட இல்லை. இரவில் அது நீலமாக ஒளிர்வதைப் பார்த்த கடைக்காரர், ஏதோ அபூர்வப் பொருள் என்று உறவினர், நண்பர்களுக்கெல்லாம் பகிர்ந்து கொடுத்தார். சிலர் உடம்பில் பூசிக்கொண்டார்கள். 6 வயதுச் சிறுமி ஒருத்தி, பொடி ஒட்டிய கையோடு சாப்பிட்டாள்.

சீக்கிரமே ஆளாளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. கடைக்காரரின் மனைவிக்குத்தான் பொடி மீது சந்தேகம் வந்தது. அதைப் பையில் போட்டு, பஸ் ஏறி சுகாதார மையத்துக்குக் கொண்டுபோனார். விஷயம் வெளியே வந்தது அவரால்தான். ஆனால் அவரும் அந்தச் சிறுமியும், கடை ஊழியர்கள் இருவரும் பிழைக்கவில்லை. சுமார் 1,12,000 பேரைப் பரிசோதித்ததில் 249 பேரிடம் சீசியம் ஒட்டியிருந்தது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? காமா கதிர்கள் செல்லில் உள்ள டிஎன்ஏவை உடைக்கின்றன. வேகமாகப் பெருகும் செல்களுக்குத்தான் முதல் அடி. எலும்பு மஜ்ஜை, குடலின் உள்சுவர், முடியின் வேர். மஜ்ஜை படுத்துவிட்டால் சாதாரணத் தொற்றே ஆளைச் சாய்த்துவிடும். தப்பிப் பிழைத்தாலும், உடைந்த டிஎன்ஏ தப்பாக ஒட்டிக்கொண்டால் பல வருடங்கள் கழித்துப் புற்றுநோய் வரலாம். இவ்வளவு நடந்தும், கதிர் பாயும்போது சூடோ வலியோ தெரியாது. அதுதான் பயங்கரம்.

வயிற்றுக்குள் போன சீசியத்தை உடம்பு பொட்டாசியம் என்றே நினைத்துத் தசைகளுக்கெல்லாம் அனுப்புகிறது. வெளியே இருக்கும் பொருளை விட்டு ஓடலாம். உள்ளே போனதை விட்டு எங்கே ஓடுவது? இதற்குக் கொடுக்கப்பட்ட மருந்தும் நீலம்தான். ஓவியர்கள் பயன்படுத்தும் ‘பிரஷ்யன் ப்ளூ’ சாயம், குடலில் சீசியத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது.

பிரேசில் கதைதானே என்று விடவும் முடியாது. 2010-ல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு, பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் விற்ற கருவி வழியாக கோபால்ட்-60 வந்தது. தொழிலாளி ஒருவர் இறந்தார்.

இதற்காக எக்ஸ்ரே எடுக்கப் பயப்பட வேண்டாம். டாக்டர் சொல்லி எடுக்கும் எக்ஸ்ரேயில் அளவு மிகக் குறைவு; மெஷினை அணைத்தால் கதிரும் நின்றுவிடும். சீசியத்துக்கும் கோபால்ட்டுக்கும் ஸ்விட்ச் கிடையாது.

மஞ்சள் பின்னணியில், நடுவே வட்டமும் சுற்றி மூன்று கறுப்பு இறக்கைகளும் போட்ட குறி எந்தப் பழைய பொருளில் தெரிந்தாலும் தொடாதீர்கள், திறக்காதீர்கள். தள்ளி நின்று 112-க்கு போன் செய்யுங்கள்.