சாலையில் ஒரு பள்ளம், நான்கு மணி நேரம் நின்ற பங்குச்சந்தை: உங்கள் டேட்டா உண்மையில் பத்திரமா?

2021 பிப்ரவரி 24, புதன்கிழமை. மாதாந்திர எஃப் அண்ட் ஓ எக்ஸ்பைரிக்கு முந்தைய நாள். காலை 11.40 மணிக்கு தேசிய பங்குச்சந்தையான என்.எஸ்.இ. திடீரென எல்லாப் பிரிவுகளிலும் வர்த்தகத்தை நிறுத்தியது. மதியம் ஆனது, மூணு மணி ஆனது, சந்தை திறக்கவில்லை. வழக்கமாக 3.30-க்கு மூட வேண்டிய சந்தை அன்று 3.45-க்குத்தான் மீண்டும் திறந்து, மாலை 5 மணி வரை நடந்தது.

நடுவில் என்ன ஆனது தெரியுமா? என்.எஸ்.இ. அன்று மறுபடி திறக்குமா என்பதே தெரியாததால், பல தரகு நிறுவனங்கள் வாடிக்கையாளர்களின் இன்ட்ராடே பொசிஷன்களை பி.எஸ்.இ.யில் முடித்துவிட்டன. அதற்குப் பிறகு சந்தை திறந்து ஏறியது. சென்செக்ஸ் அன்று 1,030 புள்ளிகள் உயர்ந்து முடிந்தது. முன்கூட்டியே வெளியேற்றப்பட்டவர்கள் அதை வேடிக்கைதான் பார்க்க முடிந்தது.

ஹேக்கிங் நடக்கவில்லை. சர்வர் எரியவில்லை. ஒரு ஹார்ட் டிஸ்க்கூட பழுதானதாகத் தகவல் இல்லை. அப்புறம் எதுதான் காரணம்? என்.எஸ்.இ. அடுத்த மாதம் வெளியிட்ட விளக்கத்தின்படி, கதை ஆரம்பிப்பது சாலையோரம் நடந்த தோண்டும் பணியில். முடிவது ஸ்டோரேஜ் பெட்டியில்.

'எங்க டேட்டா மூணு இடத்துல இருக்கு, கவலையே இல்ல' என்று உங்கள் அலுவலகத்திலும் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த வாக்கியத்தை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்போம்.

முதலில், இந்த ஸ்டோரேஜ் பெட்டி என்பது என்ன?

உங்கள் லேப்டாப்பில் ஒரு டிஸ்க் இருக்கிறது. அது போனால் எல்லாம் போச்சு. வங்கி, மருத்துவமனை, பங்குச்சந்தை போன்ற இடங்களில் அப்படி விட முடியாது. அதனால் டஜன் கணக்கில், சில நேரம் நூற்றுக்கணக்கில் டிஸ்குகளை ஒரே அமைப்பாகக் கட்டுகிறார்கள். இதுதான் டிஸ்க் அரே. அதன் மூளையாக வேலை செய்யும் கன்ட்ரோலர்கள் குறைந்தது இரண்டு இருக்கும். மின் இணைப்பும் இரண்டு. இந்தப் பெட்டியை சர்வர்களோடு இணைக்கும் தனி நெட்வொர்க்குக்கு ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க், சுருக்கமாக 'சான்' என்று பெயர். அதிலும் பாதைகள் இரண்டிரண்டு.

அதாவது எதை எடுத்தாலும் ஒன்றுக்கு இரண்டு. ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். இந்தப் பாதுகாப்பில் மூன்று அடுக்குகள் உண்டு. மூன்றையும் ஒன்றென்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அடுக்கு 1: ரெய்டு, டிஸ்க் செத்தால் காப்பாற்றும்

4, 7, 9 என்ற மூன்று எண்களை மூன்று டிஸ்கில் எழுதுகிறீர்கள். நான்காவது டிஸ்கில் அவற்றின் கூட்டுத்தொகை 20. இப்போது 7 இருந்த டிஸ்க் செத்துப்போனாலும் கவலையில்லை. 20-லிருந்து 4-ஐயும் 9-ஐயும் கழித்தால் 7 கிடைத்துவிடும். உண்மையில் நடக்கும் கணக்கு வேறு மாதிரி என்றாலும், ரெய்டு என்பதன் அடிப்படை இதுதான்.

ஆனால் இழந்த டிஸ்கை மீண்டும் எழுதி முடிக்க நேரம் பிடிக்கும். 20 டெராபைட் டிஸ்க் ஒன்றில் நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் எழுதினால் ஒரு லட்சம் நொடிகள் ஆகும். கிட்டத்தட்ட 28 மணி நேரம். அதுவும் வேறு வேலையே இல்லாவிட்டால்தான். நிஜத்தில் அதே டிஸ்குகள்தான் வாடிக்கையாளர்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் என்பதால் நாள்கணக்கில் இழுக்கலாம். ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் பொருத்திய மற்ற டிஸ்குகளுக்கும் அதே வயதுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த இடைவெளியில் இரண்டாவது டிஸ்கும் போனால்? அதற்காகத்தான் இரண்டு டிஸ்க் வரை இழந்தாலும் தாங்கும் ரெய்டு 6 போன்ற முறைகளைப் பெரிய அமைப்புகள் பயன்படுத்துகின்றன.

ரெய்டு செய்யாத வேலை ஒன்று உண்டு. நீங்களே ஒரு ஃபைலைத் தவறுதலாக அழித்தால், அது மிக ஒழுங்காக எல்லா டிஸ்கிலிருந்தும் அழித்துவிடும்.

அடுக்கு 2: ரெப்ளிகேஷன், கட்டடமே போனால் காப்பாற்றும்

பெட்டி இருக்கும் கட்டடமே மின்சாரம் இழந்தால்? அதற்காக இன்னொரு கட்டடத்தில் அதே மாதிரி ஒரு பெட்டியை வைத்து, இங்கே எழுதுவதை உடனுக்குடன் அங்கேயும் எழுதுவார்கள். இரண்டு இடத்திலும் எழுதியாகிவிட்டது என்று உறுதி வந்த பிறகுதான் 'முடிந்தது' என்று சர்வருக்குப் பதில் போகும். இதனால் ஒரு பைட்கூட இழக்காமல் இருக்கலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி செகண்டில் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். 100 கிலோமீட்டர் தள்ளி இரண்டாவது பெட்டி இருந்தால், ஒவ்வொரு எழுத்துக்கும் போக வர ஒரு மில்லி செகண்ட் கூடுதல். அதனால்தான் இப்படிப்பட்ட உடனடி நகலை அருகிலேயே வைக்கிறார்கள். நில அதிர்வு மண்டலமே வேறான தொலைதூர மையத்துக்குப் போகும் நகல் சற்றுப் பின்தங்கியே வரும்.

இனி முக்கியமான கேள்வி. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே உள்ள கேபிள் அறுந்தால் என்ன ஆகும்?

ஒரே கணக்குப் புத்தகத்தை இரண்டு கிளைகளில் வைத்து, ஒவ்வொரு வரியையும் போனில் சொல்லி எழுதும் ஒரு கடையை நினைத்துப்பாருங்கள். போன் செத்துவிட்டது. இப்போது முதல் கிளைக்கு இரண்டே வழி. தனியாக எழுதிக்கொண்டே போகலாம், ஆனால் இரண்டு புத்தகமும் வேறுபடும். அல்லது போன் வரும் வரை பேனாவை மூடிவைக்கலாம், ஆனால் வியாபாரம் நிற்கும். அந்த நிமிடத்தில் எதைச் செய்ய வேண்டும் என்பதை, பெட்டியை நிறுவும் நாளிலேயே செட்டிங்கில் முடிவு செய்துவிட வேண்டும்.

என்.எஸ்.இ.யில் அன்று நடந்தது

என்.எஸ்.இ. தன் முதன்மை மையத்துக்கும் அருகிலுள்ள மாற்று மையத்துக்கும் இடையே ஒன்றுக்கு மேற்பட்ட தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகளை வைத்திருந்தது. அதாவது, ஒன்றுக்கு இரண்டு. ஆனால் அன்று எல்லா இணைப்புகளும் தடுமாறின. இரு மையங்களுக்கும் இடைப்பட்ட சாலையில் நடந்த தோண்டும் பணியும் கட்டுமானப் பணியும்தான் முக்கியக் காரணம் என்றது என்.எஸ்.இ.

இணைப்பு போனாலும் முதன்மைப் பெட்டி தன்பாட்டுக்கு ஓட வேண்டும் என்பதே திட்டம். ஆனால் முதன்மை மையத்தின் 'சான்' அமைப்பையே சர்வர்களால் அணுக முடியாமல் போனது. கருவியின் நடத்தை தாங்கள் கேட்ட வடிவமைப்புக்கு ஒத்துப்போகவில்லை என்று என்.எஸ்.இ. விளக்கியது. விளைவாக, கிளியரிங் நிறுவனத்தின் ரிஸ்க் மேனேஜ்மென்ட் அமைப்பு முடங்கியது. யாரிடம் எவ்வளவு மார்ஜின் இருக்கிறது என்று சரிபார்க்க முடியாமல் வர்த்தகத்தை நடத்த முடியாது. எனவே சந்தை நின்றது.

கவனியுங்கள். எந்தப் பேரிடருக்காக இரண்டாவது பெட்டியை வாங்கினார்களோ, அந்தப் பேரிடர் வரவேயில்லை. இரண்டாவது பெட்டியோடு இருந்த இணைப்புதான் முதல் பெட்டியைப் படுக்க வைத்தது. பாதுகாப்புக்காகச் சேர்க்கும் ஒவ்வொரு பாகமும் பழுதாகக்கூடிய இன்னொரு பாகம்தான்.

அப்படியானால் தொலைதூர மையத்துக்கு ஏன் மாறவில்லை? அன்றே செபி கேட்ட கேள்வி இது. அடுத்த மாதமே விதிகளை இறுக்கியது. முக்கிய அமைப்பு முடங்கினால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மீண்டும் இயங்க வேண்டும். 2023-ல் என்.எஸ்.இ.யும் அதன் கிளியரிங் நிறுவனமும் சேர்ந்து 72 கோடி ரூபாய்க்கும் மேல் செலுத்தி, செபியுடன் இந்த விவகாரத்தை சமரசமாக முடித்துக்கொண்டன.

2024-ல் மார்ச் 2, மே 18 என இரண்டு சனிக்கிழமைகளில் சந்தை திறந்திருந்தது நினைவிருக்கிறதா? வர்த்தகம் நடக்கும்போதே முதன்மை மையத்திலிருந்து மாற்று மையத்துக்குத் தாவிப் பார்க்கும் சிறப்பு அமர்வுகள் அவை. 'லீவு நாள்ல எதுக்கு மார்க்கெட்?' என்று சலித்துக்கொண்டவர்களுக்கு அதுதான் பதில்.

அடுக்கு 3: பேக்கப், தப்பு நடந்தால் காப்பாற்றும்

ரெப்ளிகேஷனால் முடியாத ஒன்று இருக்கிறது. ரான்சம்வேர் வந்து இங்கே உள்ள டேட்டாவைப் பூட்டினால், பூட்டிய டேட்டாவே அங்கேயும் உடனுக்குடன் நகலாகும். நேற்று இருந்த நிலைக்குத் திரும்ப வேண்டுமென்றால், நேற்று எடுத்து, தொடர்பில்லாமல் தனியே வைத்த ஒரு பிரதி வேண்டும். அதுதான் பேக்கப்.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை தாக்கப்பட்டபோது இது தெரிந்தது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் டேட்டா பூட்டப்பட்டது என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. நாள்கணக்கில் நோயாளிகள் பதிவு காகிதத்தில் நடந்தது. ஆனால் இ-ஹாஸ்பிடல் டேட்டா முழுவதும் திரும்பக் கிடைத்தது. காரணம், பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர்.

அந்த ஒன்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென் கொரியா சாட்சி. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரிகளில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்த 'ஜி-டிரைவ்' அமைப்பு அழிந்தது. மொத்தம் 858 டெராபைட். வெளியே வேறெங்கும் பேக்கப் இல்லை. அளவு மிகப் பெரியது என்பதால் வெளியே பேக்கப் எடுக்க முடியவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 858 டெராபைட் என்றால் 20 டெராபைட் டிஸ்குகள் 43. ரெய்டுக்குக் கூடுதலாகச் சேர்த்தாலும் 60 டிஸ்க் பிடிக்கும் ஒரே பெட்டிக்குள் அடங்கும். நொடிக்கு 10 கிகாபிட் இணைப்பில் முழு வேகத்தில் அனுப்பினால் முதல் பிரதிக்கு எட்டு நாள். அதன்பின் தினமும் மாறியதை மட்டும் அனுப்பினால் போதும். நிஜத்தில் மென்பொருள், ஆட்கள், பராமரிப்பு எல்லாம் சேர்ந்து செலவு கூடும்தான். ஆனாலும் முடியாத காரியம் அல்ல. யாரோ ஒருவர் பட்ஜெட்டில் அந்த வரியைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதுல உங்களுக்கு என்ன?

நீங்கள் ஸ்டோரேஜ் இன்ஜினியராக இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஹெச்.ஆர்., ஃபைனான்ஸ், ப்ராடக்ட் என எந்தப் பிரிவில் இருந்தாலும் வாடிக்கையாளர் டேட்டா உங்கள் கையில் இருக்கிறது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், டேட்டா திருடு போவதை மட்டும் மீறலாகப் பார்க்கவில்லை. டேட்டாவை அணுக முடியாமல் போவதும் அதில் அடங்கும். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அதன் விதிகள் பேக்கப் பற்றியும் பேசுகின்றன. இந்தக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. அதன்பின், போதிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

எனவே அடுத்த மீட்டிங்கில் 'டேட்டா மூணு இடத்துல இருக்கு' என்று யாராவது சொன்னால், இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப்பாருங்கள்.

ஒன்று, அந்த மூன்றில் எத்தனை உடனடி நகல், எத்தனை உண்மையான பேக்கப்?

இரண்டு, பேக்கப்பிலிருந்து கடைசியாக எப்போது முழுமையாக மீட்டுப் பார்த்தீர்கள்? 'பேக்கப் சக்ஸஸ்' என்று தினமும் வரும் மெயில் இதற்குப் பதில் ஆகாது. பிரதி எடுக்கப்பட்டது என்றுதான் அது சொல்கிறது. திறக்குமா என்று அதற்குத் தெரியாது.

மூன்று, முதன்மை சிஸ்டத்தின் பாஸ்வேர்டை வைத்தே பேக்கப்பையும் அழிக்க முடியுமா? முடியும் என்றால், உள்ளே நுழையும் ஹேக்கராலும் முடியும்.

நான்கு, இரண்டு மையங்களுக்கும் நடுவே உள்ள கேபிளை நாமே வேண்டுமென்றே பிடுங்கிப் பார்த்திருக்கிறோமா? விற்பனையாளர் எழுதிக் கொடுத்த உறுதிமொழி சோதனைக்கு ஈடாகாது.

நான்காவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் அறை அமைதியாகும். ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் கை வைக்க யாருக்கும் பயம் வரும், அது நியாயமானதும்கூட. ஆனால் நாம் தேதி குறித்து, ஆட்களைத் தயாராக வைத்து, ஒரு சனிக்கிழமை காலையில் பிடுங்காவிட்டால், எக்ஸ்பைரிக்கு முந்தைய நாள் பகல் 11.40 மணிக்கு ஒரு பொக்லைன் அதைப் பிடுங்கும். அப்போது நஷ்டம் ஐ.டி. துறையோடு நிற்காது. 2021-ல் அதைச் சுமந்தவர்களில் பலருக்கு 'சான்' என்ற பெயரே தெரிந்திருக்காது.