எந்தப் பக்கம் என்று கேட்காத தெரு



கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் போன வாரம் ஒரு யூடியூப் வீடியோ அனுப்பியிருந்தார். மூன்று நாளில் கோபன்ஹேகன் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று. கால்வாய் ஓரத்தில் வண்ண வண்ண வீடுகள், கூட்டம் கூட்டமாய் சைக்கிள்கள், காபிக் கடைகள். கீழே அவர் எழுதியிருந்தார்: "இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு தோணுதுண்ணா. ஆனா பாத்துட்டே இருக்கேன்."

நமக்கு எதுக்கு என்று ஏன் தோன்றுகிறது? அந்தத் தம்பிக்கு மட்டுமல்ல, நம் இயக்கத்துக்கே இது ஒரு பழக்கமாகிவிட்டது. சோற்றுக்கும் நிலத்துக்கும் போராடலாம். ஊர் சுற்ற ஆசைப்பட்டால் மட்டும் ஏதோ தப்பு செய்த மாதிரி கூச்சப்படுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அந்த நகரத்தில் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று ஸ்ட்ரோயெட் கடைத்தெரு. 1962-இல் வண்டிகளை நிறுத்திவிட்டு, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தத் தெருவை நடப்பவர்களுக்கு என்று விட்டார்கள். இன்னொன்று ஐலண்ட்ஸ் பிரிக்கா. அழுக்காகிக் கிடந்த துறைமுகத் தண்ணீரைச் சுத்தம் செய்து, 2000-களின் தொடக்கத்தில் அங்கே குளிக்க இடம் கட்டினார்கள். கட்டணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் குதிக்கலாம்.

குதிக்கிறவனை யாரும் "எந்த ஊரு கண்ணு? ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேட்பதில்லை. சேலம், நாமக்கல் பக்கம் வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி மனப்பாடம். நான் சிறுவனாக இருந்தபோது தோட்டத்துக் கிணறு ஒன்றில் நாலு பேர் குதித்தோம். மேலே ஏறி வந்தால் துணிகளைக் காணோம். ஈர டவுசரோடு ஊருக்குள் நடக்க வைத்தார்கள். இன்றும் நீச்சல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நடைதான்.

1934-இல் அண்ணல் அம்பேத்கரும் தோழர்களும் தவ்லதாபாத் கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். அது போராட்டம் அல்ல, வெறும் சுற்றுலா. பயணப் புழுதி போக வாசலில் இருந்த குளத்தில் முகம் கழுவினார்கள். தீட்டாகிவிட்டது என்று கூட்டம் கூடிவிட்டது. எங்கும் தண்ணீரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு, காவலுக்கு ஆள் கூட வரத்தான் உள்ளே போக முடிந்தது. இதை அவர் எழுதிய நூலின் பெயர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. சொந்த நாட்டுக்குள் சுற்றவே விசா கேட்கிறார்கள் என்பதுதான் அந்தத் தலைப்பு.

நம் பக்கத்தில் அந்த விசா இல்லாமல் போனதற்கு என்ன விலை? 2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், கூடப் படித்த தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலுக்குப் போனார். ஒரு தலித் இளைஞன் ஆதிக்க சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தான் என்பதற்காக அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்ட உடலாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. யுவராஜின் ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. கோகுல்ராஜ் அன்று எந்தக் கொடியும் பிடிக்கவில்லை. ஒரு நண்பரோடு மலைமேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். ஊர் சுற்றுவது சின்ன விஷயம் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

டென்மார்க் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. 2018-இல் வெளிநாட்டுப் பின்னணி கொண்டவர்கள் அதிகம் வாழும் குடியிருப்புகளை 'கெட்டோ' என்று பட்டியலிட்டுச் சட்டம் போட்ட நாடு அது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய நாடும் அதுதான். நிறம் பார்க்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். நமக்கு வேண்டியது அந்த நாடு அல்ல. தெருவும் தண்ணீரும் எல்லோருக்கும் பொது என்கிற ஏற்பாடு.

அந்த ஏற்பாடு நம்மிடமும் எழுத்தில் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவைப் படியுங்கள். கடை, உணவகம், ஓட்டல், கேளிக்கை இடம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று வரிசையாகச் சொல்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவு, பொது இடத்தில் பைக் ஓட்டுவதையும் செருப்பு, புதுத்துணி அணிவதையும் தடுத்தால்கூடக் குற்றம் என்கிறது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. சொல் போனாலும் கேள்வி போகவில்லையே. அதை நாம்தான் விரட்ட வேண்டும்.

ஆகவே தம்பி, வெட்கப்படாமல் பாருங்கள். அயல்நாட்டில் படிக்க நம் மாணவர்களுக்கு ஒன்றிய அரசும் தமிழ்நாடு அரசும் உதவித்தொகை தருகின்றன. விண்ணப்பியுங்கள், போங்கள், அந்தத் துறைமுகத்தில் குதியுங்கள். அதுவரை வரும் ஞாயிறுகளில் ஏற்காடு ஏரிக்கும் கொல்லிமலை ஆகாய கங்கைக்கும் திருச்செங்கோட்டு மலைக்கும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நண்பர்களோடு போங்கள். நம் பெண் தோழர்களும் வரட்டும். யாராவது எந்தப் பக்கம் என்று கேட்டால், சுற்றிப் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். தடுத்தால் நேராகக் காவல் நிலையம் போய், பிரிவு எண்ணைச் சொல்லிப் புகார் கொடுங்கள்.

ஜெய்பீம்.